நோர்வே, சுவீடன், டென்மார்க்கில் கிற்றார் பிடிக்கும் எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு



ஒஸ்லோவில், பேர்கனில், ஸ்ரொக்ஹோமில், ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்து, கிற்றாரோ றம்ஸோ வாசிக்கத் தெரிந்த எங்கள் தீவுப் பிள்ளைகள் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அம்மாவோ அப்பாவோ, அவர்களைப் பெற்றவர்களோ, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர், மண்டைதீவு என்று ஏதோ ஓர் ஊரின் கதையைச் சொல்லித்தான் உங்களுக்குச் சோறு தீத்தியிருப்பார்கள். அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு காரியம் கேட்கிறேன். ஒரு சின்ன இசைத்தட்டுச் செய்யுங்கள். ஆறு பாட்டுப் போதும். மூன்று எங்கள் பழைய பாட்டுகள், மூன்று நீங்களே கட்டிய புதுப் பாட்டுகள். கிற்றாரை உரத்து வையுங்கள், றம்ஸை அடித்து வாசியுங்கள், குரலுக்கு மெருகு பூச மெனக்கெடாதீர்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு இங்கே வந்து, எங்கள் கடற்கரையில் ஒருநாள் வாசியுங்கள்.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் வாழும் நாடுகளுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும் என்பதால்தான் கேட்கிறேன். ஸ்ரொக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் 1981இல் தொடங்கியது த நோமட்ஸ் என்ற குழு. 1960களில் அமெரிக்கச் சிறு நகரங்களில் பள்ளி வயதுப் பெடியள் வீட்டுக் கராஜுக்குள் நின்று வாசித்து, பிறகு எல்லோரும் மறந்துபோன பாட்டுகளை அந்தக் குழு தேடி எடுத்தது. அவற்றைத் தன் சொந்தப் பாட்டுகளோடு சேர்த்துச் சிறிய தட்டுகளில் வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ சுவீடன் குழுக்களுக்கு வழி திறந்தது அங்கேதான்.

த ஹைவ்ஸ் குழுவை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஃபாகெர்ஸ்தா என்ற உருக்காலைச் சிறு நகரத்துப் பெடியள் 1993இல் தொடங்கிய குழு அது. கறுப்பு வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு உலகம் முழுவதும் மேடையேறி, பெயரும் புகழும் வந்த பிறகு, 2010இல் அவர்கள் ஒரு குறுந்தட்டு வெளியிட்டார்கள். அதில் இருந்தவை மூன்றே பாட்டுகள், மூன்றும் பிறருடையவை. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரத்து ஸீரோ போய்ஸ் குழுவின் பாட்டு ஒன்று, ஆஸ்திரேலியக் குழுவொன்றின் பாட்டு ஒன்று என்று, பெரிய வானொலிகள் தேடிப் போடாத பாட்டுகளைத்தான் தெரிந்தெடுத்தார்கள். ஸ்ரொக்ஹோமின் த ஹெலகொப்ரர்ஸ் 2008இல் தங்கள் கடைசித் தட்டு என்று அறிவித்து வெளியிட்ட ‘ஹெட் ஒஃப்’ முழுவதுமே பிறர் பாட்டுகள்தான். விடைபெறும் நேரத்தில் தங்கள் பாட்டை ஒதுக்கிவைத்து, தங்களுக்குப் பிடித்த, அதிகம் பேர் அறியாத குழுக்களின் பாட்டுகளைப் பாடிவிட்டுப் போனார்கள்.

இதில் இருக்கும் நேர்மையைப் பாருங்கள். பிறர் பாட்டை எடுத்துப் பாடும்போது, நாங்கள் யாரிடமிருந்து வந்தோம் என்று ஒரு குழு சொல்லிவிடுகிறது. பக்கத்திலேயே தன் பாட்டை வைக்கும்போது, வாங்கியதைக் கொண்டு என்ன செய்தோம் என்று கணக்குக் காட்டுகிறது. பழைய பாட்டு மட்டும் பாடினால் அது ஆண்டு விழாவோடு முடிந்துவிடும். சொந்தப் பாட்டு மட்டும் என்றால், கேட்கிறவருக்கு நீங்கள் எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்றே தெரியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் இந்தச் சின்ன வடிவத்தை நான் கேட்கிறேன். பன்னிரண்டு பாட்டு வேண்டாம், பெரிய ஸ்ரூடியோ வேண்டாம். ஒரு வார இறுதியில் ஒலிப்பதிவு செய்து முடிக்கக்கூடிய அளவே போதும்.

அந்தக் குழுக்கள் தங்கள் திறமையால் மட்டும் எழும்பி வரவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சுவீடனில் 1940களிலிருந்தே நகரசபைகள் பிள்ளைகளுக்கு இசைப் பள்ளிகளை நடத்தி வந்தன. நாலு பெடியள் ஒரு குழுவாகச் சேர்ந்தால், படிப்பு வட்டம் என்று பதிந்துகொண்டு, பயிற்சிக்கு ஒரு அறையும் அதற்கு உதவிப் பணமும் பெற அங்கே வழியிருக்கிறது. நோர்வேயில் ஒவ்வொரு நகரசபையும் பிள்ளைகளுக்குப் பண்பாட்டுப் பள்ளி வைத்திருக்க வேண்டும் என்று 1997 முதல் சட்டமே இருக்கிறது. உங்களில் பலர் அங்கேதான் முதன்முதலாக றம்ஸ் கோலைப் பிடித்திருப்பீர்கள். இங்கே நெடுந்தீவில் ஒரு பிள்ளைக்கு றம்ஸ் செற் ஒன்றைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தால், குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம் படகில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாண நகரம் போக வேண்டும். திறமை இரண்டு கரையிலும் ஒன்றுதான். அறையும் கருவியும் மின்சாரமும்தான் உங்கள் பக்கம் கூடுதலாக இருக்கின்றன. அதனால்தான் கேள்வி உங்களிடம் வருகிறது.

எங்களுக்கும் வடக்கு ஐரோப்பாவுக்கும் உறவு நேற்று வந்ததில்லை. 1956இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு நோர்வே போய்ச் சேர்ந்தார். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, நோர்வே மக்களிடம் உதவி திரட்டி அவர் தொடங்கிய சீநோர், எங்கள் காரைநகரில் படகு கட்டும் தளமாக எழும்பியது. பிறகு நோர்வேயின் நாட்டுப்புற உயர்பள்ளிகளில் படிக்க என்று எங்கள் பெடியள் போனார்கள். போர் முற்றியதும் அகதிகளாகப் போனார்கள். வடக்கே ஃபின்மார்க் கரையில், பனிக்காலத்தில் சூரியனே உதிக்காத ஊர்களில், மீன் ஆலைகளில் கத்தி பிடித்து நின்றார்கள் உங்கள் தாய் தகப்பன்மார். அந்த உழைப்பில் வாங்கிய கிற்றார்தான் உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கிற்றாரில் அவர்கள் ஊரின் ஒரு பாட்டுக்கூட இன்னும் ஒலிக்கவில்லை என்றால், எனக்கு மனம் ஆறாது.

“எங்கள் ஊருக்கும் ரொக்குக்கும் என்ன சம்பந்தம்?” என்று உங்களில் சிலரும், உங்கள் பெற்றோரில் பலரும் கேட்பீர்கள். இரண்டு பதில் சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் கராஜுப் பெடியளின் இசையான கராஜ் ரொக்கின் தேசிய கீதம் என்றே சொல்லக்கூடிய ‘லூயி லூயி’ பாட்டின் கதை. அதை எழுதியவர் ரிச்சர்ட் பெரி என்ற கறுப்பின அமெரிக்கர். 1950களின் நடுவில், கியூபாக்காரர் ரெனே தூசே இசைத்த ஒரு சா-சா-சா மெட்டின் தாளத்தைக் கேட்டு, அதன்மேல் இதைக் கட்டினார். கடல் கடந்து நிற்கும் ஒரு மாலுமி, தீவில் விட்டுவந்த பெண்ணை நினைத்து, எப்போது கப்பலேறுவேன் என்று ஏங்குவதுதான் பாட்டின் பொருள். 1963இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துப் பெடியள் குழுவான த கிங்ஸ்மென் அதைச் சிறு செலவில் ஒலிப்பதிவு செய்தார்கள். ஒலிவாங்கி மிக உயரத்தில் தொங்கியதால் பாடியவர் அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஓரிடத்தில் பாடகர் நேரத்துக்கு முந்தியே தொடங்கிவிட்டதும் தட்டில் அப்படியே இருக்கிறது. அதில் கெட்ட வார்த்தை இருக்கிறதோ என்று அமெரிக்கப் புலனாய்வுத்துறையே தோண்டிப் பார்த்து, ஒன்றும் விளங்கவில்லை என்று கைவிட்டது. அந்தக் கரடுமுரடான தட்டிலிருந்துதான் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான குழுக்கள் வாசிக்கப் பழகின. தீவு, கடல், பிரிவு, மூன்றே மூன்று கிற்றார் கோர்டுகள், ஏங்கும் குரல் ஆகியவைதான் அந்தப் பாட்டு. இதில் எது எங்களுக்கு அந்நியம்?

இரண்டாவது பதில், இந்த வேலையை நாங்களே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறோம் என்பது. 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்து இளைஞரான நிதி கனகரத்தினம், கிற்றாரோடு எங்கள் பேச்சுத் தமிழைச் சேர்த்துப் பாடத் தொடங்கினார். ‘சின்ன மாமியே’ பாட்டை உங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் கேட்டிருப்பீர்கள். ஏ. ஈ. மனோகரன், ஸ்டான்லி சிவானந்தன், திருகோணமலையின் எம். பி. பரமேஷ் என்று ஒரு தலைமுறையே எழுந்தது. 1970 தொடக்கம் 1977 வரை இருந்த அரசு இறக்குமதிகளை இறுக்கியபோது, உள்ளூர்க் கலைக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இந்தப் பொப் பாட்டுகளைப் போட்டது. திருமண வீடு, பள்ளிக்கூட விழா, பஸ் பயணம் எல்லாவற்றிலும் அவை ஒலித்தன. கள்ளுக்கடை, கடன், மாமி மகள், சந்தை என்று தெருவில் கண்டதைத் தெருவின் சொல்லிலேயே பாடினார்கள். சென்னையிலிருந்து யாரும் மெட்டுப் போட்டுத் தரவில்லை. கையில் கிடைத்த கிற்றார், பொங்கோ, சலங்கையோடு நின்று வாசித்தார்கள். ஃபாகெர்ஸ்தாவின் பெடியள் இருபது முப்பது ஆண்டு கழித்துச் செய்ததன் உயிர்ச்சத்து அதில் ஏற்கெனவே இருந்தது.

தீவுக்கும் அந்த அலைக்கும் நேரடியான ஒரு தொடர்பும் உண்டு. நெடுந்தீவின் மீன்பிடி வாடிகளையும் மனிதரையும் வைத்துச் செங்கை ஆழியான் எழுதிய ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் படமாக வந்தது. அதில் நடித்தவர்களில் ஒருவர் அதே ஏ. ஈ. மனோகரன். ‘சுராங்கனி’யால் தமிழ்நாடும் அறிந்த அந்தப் பாடகர், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவரைப் பற்றி அன்று எழுதியவர்கள் அந்த ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு முழு இயக்கத்தை ஒற்றைப் பாட்டாகச் சுருக்கிவிட்டோம். இது என் முதல் மனக்குறை.

இரண்டாவது மனக்குறை இதைவிடப் பெரியது. அந்தப் பாட்டுகளை நாங்கள் பாதுகாக்கவில்லை. 1990, 91இல் தீவுகள் வெறுமையானபோது மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் யார் தூக்குவார்? திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டில் ஒலிநாடா எங்கே இருக்கும்? அது எங்கள் பிழை இல்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு. ஊர் விழா என்றால் திரைப்படப் பாட்டு என்று முடிவுகட்டி வைத்திருக்கிறோம். இங்கே ஒரு விழாவில், உயர்தரம் படிக்கும் பெடியள் சிலர் தாங்களே எழுதிய பாட்டொன்றைப் பாட மேடையேறியபோது, பாதியில் நிறுத்தி, சனம் கேட்கிற பாட்டைப் படியுங்கள் என்று ஏற்பாட்டாளர் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அவர்கள் இறங்கிப் போனார்கள். அதன் பிறகு அந்தப் பெடியள் சொந்தப் பாட்டோடு எந்த மேடையிலும் ஏறியதை நான் காணவில்லை.

உங்கள் கோடை விடுமுறையில் நீங்கள் வரும்போதும் அதுதான் நடக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு வருகிறீர்கள், ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கு வருகிறீர்கள். கோபுரம் எழும்ப உங்கள் பெற்றோர் அள்ளிக் கொடுக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் இரவில் நீங்கள் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வருகின்றன, சென்னைப் பாட்டு வருகிறது, போகிறது. எங்கள் பிள்ளைகள் உங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எதை உயர்வாக வைக்கிறீர்களோ அதையே அவர்களும் உயர்வாக வைப்பார்கள். நீங்கள் ஒருமுறை ஒரு பழைய பொப் பாட்டை உங்கள் கிற்றாரில் உரத்து வாசித்தால், இங்கே பத்துப் பிள்ளைகள் அதைத் தேடத் தொடங்குவார்கள்.

இனி, எந்தப் பழைய பாட்டுகள் என்று கேட்பீர்கள். ஒன்று, அந்தப் பொப் காலத்துப் பாட்டாக இருக்கட்டும். எல்லோரும் பாடுகிற இரண்டு மூன்றை விட்டுவிட்டு, யாரும் பாடாத ஒன்றைத் தேடுங்கள். ஒஸ்லோவிலேயே பழைய ஒலிநாடாப் பெட்டி வைத்திருக்கும் மாமாமார் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இன்னொன்று அம்பாப் பாட்டாக இருக்கட்டும். கரைவலை இழுக்கும்போதும் வள்ளம் தள்ளும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் எங்கள் கடற்றொழிலாளர் பாடிய பாட்டு அது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் கொடுப்பார்கள். இழுப்பின் மூச்சுத்தான் தாளம். வலை கனக்கக் கனக்கப் பாட்டு இறுகும், மடி கரையை நெருங்க நெருங்க வேகம் கூடும். ஒருவர் கத்த, கூட்டமே திருப்பிக் கத்துகிற உங்கள் ரொக் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எங்கே கிடைக்கும்? எஞ்சின் பூட்டிய பைபர் படகு வந்ததும் துடுப்புக்கு வேலை குறைந்தது, துடுப்போடு பாட்டும் குறைந்தது. தொழில் இலகுவானதை நான் குறை சொல்லமாட்டேன், முதுகு முறிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அம்பா தெரிந்தவர்கள் இன்று வயதானவர்கள். அவர்கள் வாயிலிருந்து நேரே கேட்டுப் பழகக்கூடிய கடைசித் தலைமுறை நீங்களாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, கூத்துப் பாட்டு. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடிக் கூத்து ஆடினார்கள். காத்தவராயன் கூத்தின் சிந்துநடை தெரியாத ஊர் யாழ்ப்பாணத்தில் குறைவு. ஆர்மோனியமும் மத்தளமும் வைத்து விடியவிடியப் பாடிய அந்த நடையை, உங்கள் பேஸ் கிற்றாரும் றம்ஸும் தாங்கும். அரங்கேற்றத்துக்காகக் கர்நாடக இசை படித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அந்தப் பயிற்சியை இங்கே பயன்படுத்துங்கள். தாளக் கணக்குத் தெரிந்த பிள்ளை றம்ஸில் உட்கார்ந்தால் அது வேறு ஒரு சத்தமாக வரும்.

சொந்தப் பாட்டுகள் மூன்றையும் உங்கள் வாய்த் தமிழிலேயே எழுதுங்கள். அது சுத்தமாக இல்லை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். நிதி கனகரத்தினத்தின் தலைமுறைக்கும் அதைத்தான் சொன்னார்கள். நோர்வே மொழிச் சொல் இடையில் வந்தால் வரட்டும், டெனிஷ் வந்தால் வரட்டும். உங்களுக்குத் தெரியாத பனங்காணியையும் பூவரச மரத்தையும் பற்றி எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதுங்கள். ஃபின்மார்க் மீன் ஆலையில் இரவு வேலை முடித்து, கையில் வெடிப்போடு வந்து உங்களைப் பள்ளிக்கு அனுப்பிய அம்மாவைப் பற்றி எழுதலாம். டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாட்டு இருக்கிறது. 1987இல் அந்த நாட்டு நீதி அமைச்சர் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். போரின் நடுவே குடும்பங்கள் இங்கே காத்துக் கிடந்தன. அந்த உண்மை வெளிவந்தபோது, 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசே பதவி விலக வேண்டி வந்தது. ஓர் ஐரோப்பிய அரசை வீழ்த்திய அந்தக் காத்திருப்பில் உங்கள் அம்மம்மாவும் இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அதைப் பாட ஹேர்னிங் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

இங்கத்தைய கதைகளும் உங்களுடையவைதான். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்த கொலைகளை நெடுந்தீவார் மாவிலித்துறையில் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறார்கள். உங்கள் வீட்டிலும் அந்தப் படகின் பெயர் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதைப் பாடப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் குடும்பங்களோடு இருந்து கேளுங்கள், பிறகு எழுதுங்கள். ஆட்கள் போன பிறகு பூட்டியபடி நிற்கும் வீடுகளைப் பற்றிப் பாட நினைத்தால், புங்குடுதீவின் சு. வில்வரத்தினத்தைப் படியுங்கள். அவர் கவிதைகளில் பல அந்த வெறுமையிலிருந்து வந்தவை. 2006இல் மறைந்த அவர், கவிதையை உரத்துப் பாடிக் காட்டக்கூடிய குரல் உள்ளவர் என்பதைக் கேட்டவர்கள் இன்னும் சொல்வார்கள். எங்கள் தீவில் கவிதையும் பாட்டும் ஒரே தொண்டையில் இருந்தன என்பதற்கு அவரே சாட்சி.

ஒரு விடயத்தில் மட்டும் உங்களிடம் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். அனுமதி கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். ரிச்சர்ட் பெரி தன் திருமணச் செலவுக்காக ‘லூயி லூயி’யின் உரிமையை 750 டொலருக்கு விற்றுவிட்டார். உலகம் முழுவதும் அந்தப் பாட்டில் சம்பாதித்தபோது அவர் கைக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. 1980களில்தான் உரிமையின் ஒரு பகுதி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அப்படி ஒரு அநியாயத்தை எங்கள் பாட்டுக்காரருக்கு நீங்கள் செய்துவிடக்கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் வாழும் காலமும் அவர் இறந்து 70 ஆண்டும் பாட்டு அவருடையது, அவர் குடும்பத்துடையது. பொப் காலத்துப் பாட்டு எல்லாம் இன்னும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. உங்கள் நாடுகளில் நோர்வேக்கு ரோனோ, சுவீடனுக்கு ஸ்ரிம், டென்மார்க்குக்குக் கோடா என்று உரிமைச் சங்கங்கள் இருக்கின்றன, ஒழுங்கு முறை இருக்கிறது. அங்கே பதியுங்கள். சொல்லையோ மெட்டையோ மாற்றப் போகிறீர்கள் என்றால், எழுதியவரிடமோ பிள்ளைகளிடமோ நேரே கேளுங்கள். அவர்களில் சிலர் மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். ஒரு தொலைபேசி அழைப்பே அவர்களுக்குப் பெரிய மரியாதை.

அம்பாவுக்கும் கூத்துக்கும் சட்டப்படி ஒருவர் பெயர் இல்லை. அதற்காக, மரபுப் பாடல் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். யார் பாடிக் காட்டினார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அவர் சம்மதத்தோடு தட்டில் அச்சிடுங்கள். அவருக்குரிய பணத்தையும் கொடுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்திடம் கொடுங்கள். 2005இலிருந்து எங்கள் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திக் காத்துவரும் அவர்கள், ஒலியையும் படத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு பிரதி வேறொரு இடத்தில் இருப்பதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் பெற்றோர் தயங்கினால் அவர்களோடு கோபப்படாதீர்கள். பொப் பாட்டு என்றால் குடிகாரர் பாட்டு என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். றம்ஸ் சத்தம் படிப்பைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்கள். அவர்களைக் கூப்பிட்டு உங்கள் பயிற்சி அறையில் இருத்தி, அவர்கள் இளமையில் கேட்ட ஒரு பாட்டை வாசித்துக் காட்டுங்கள். பிறகு சொல்லின் உச்சரிப்பை அவர்களிடமே கேட்டுத் திருத்துங்கள். வீட்டில் உங்களோடு பேசாத பல கதைகள் அந்த இடத்தில் வரும். உங்கள் சொந்தப் பாட்டுக்கு வேண்டியது அதுதான்.

இங்கே உள்ள பிள்ளைகளைப் பார்வையாளராக மட்டும் வைத்திருக்காதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். ஆறு பாட்டில் ஒன்றிலாவது தீவில் வாழும் ஒரு பிள்ளையின் குரல் இருக்கட்டும். அவர்கள் கைபேசியில் பதிந்து அனுப்பினாலும் பரவாயில்லை, ‘லூயி லூயி’யைவிடத் தெளிவாகவே இருக்கும். வரும்போது ஒரு கிற்றாரையும் ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் ஒரு றம்ஸ் செற்றையும் கொண்டுவந்து இங்கே விட்டுப் போங்கள். வெளிநாடுகளில் இருக்கும் உங்கள் ஊர்ச் சங்கங்களிடம், கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஓர் அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்து தரச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டால் அவர்கள் அடுத்த வருடம் பார்ப்போம் என்பார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளான நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

ஆகவே, திட்டவட்டமாகச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் குளிர்காலத்துக்குள் உங்களில் நாலு பேர் ஒன்றுசேருங்கள். வெவ்வேறு நகரங்களில் இருந்தாலும் சேருங்கள், வெவ்வேறு தீவுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று பழைய பாட்டைத் தெரிந்தெடுத்து உரிமையாளரிடம் கேளுங்கள், மூன்று புதுப் பாட்டை எழுதுங்கள், வசந்தத்தில் ஒலிப்பதிவு செய்யுங்கள். கோடையில் நீங்கள் திருவிழாவுக்கு வரும் அதே விடுமுறையில், கோயில் வீதியை விட்டுத் தள்ளி, கடற்கரையில் ஒரு மாலையை எங்களுக்குத் தாருங்கள். குறிகட்டுவானில் உங்கள் பெட்டிகளை இறக்கவும், படகில் ஏற்றவும், மின்சாரம் நின்றுவிட்டால் மின்பிறப்பாக்கி ஒன்று பிடிக்கவும் நாங்கள் ஆட்களைத் திரட்டுகிறோம். அம்பா தெரிந்த பெரியவர்களை முன்வரிசையில் இருத்துவதும் எங்கள் பொறுப்பு. இந்த மடலைப் படித்ததும் உங்கள் ஊரில் இருக்கும் ஒரு சித்தப்பாவிடமோ மாமியிடமோ, நாங்கள் செய்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தீவில் ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் வந்து சேரும். அன்றே நாங்கள் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
வேலணையிலிருந்து ஓர் ஊர்க்காரர்